ஒன்பது ரூபாய்க் கமரா

பதினேழு வருஷமாகக் கமராவைத் தொடாமல் இருந்த சுவக்கின், 1938ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மக்கீன் நாநாவின் கடைக்குள் நுழைந்தார். கண்ணாடி அலுமாரியில் இருந்த கமராக்களைக் கொஞ்சம் வெளியே எடுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். கண்டியில் திருகோணமலை வீதியின் மேல் முனையில், சுவக்கின் மருந்து கலக்கிக் கொடுக்கும் மருந்துக்கடை இருந்தது. கடிகாரமும் இசைத்தட்டும் பழைய கமராக்களும் விற்கும் மக்கீனின் கடை கீழ் முனையில். தினமும் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவார். கொஞ்ச நாளாக அந்த இடம் வந்ததும் நடை தானாகத் தளர்ந்தது. இரண்டு தடவை நின்று பார்த்துவிட்டு, யாரோ பார்த்துவிட்டதுபோல அவசரமாக நகர்ந்தும் இருக்கிறார்.

மக்கீன் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது ஜேர்மன் மடிப்புக் கமரா, யாரோ ஒரு துரை ஊருக்குப் போகும்போது விற்றது. நாற்பது ரூபாய். கண்ணாடி நன்றாக இருந்தது. தோல் மடிப்பின் மூலையில் ஓட்டை விழுந்து கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. இரண்டாவது சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னது, பதினாறு ரூபாய். அதில் விழும் படமும் சின்னது. பார்க்கும்படி வேண்டுமென்றால் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பிக்க வேண்டும். மூன்றாவது வெறும் பெட்டி. அட்டைமேல் கறுப்புத் துணி ஒட்டியது. ஒரே கண்ணாடி, ஒரே வேகம். பத்தடிக்கு அப்பால் இருப்பதெல்லாம் தெளிவாக விழும், கிட்ட இருப்பது கலங்கும். ஆனால் ஃபிலிம் அகலமானது, பெருப்பிக்காமலே கையில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு ஒன்பது ரூபாய்.

சுவக்கின் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. மடிப்புக் கமராவைத் திறந்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓட்டை இன்னும் இருக்கிறதா என்று பார்த்ததைக் கண்டு மக்கீன் சிரித்துக்கொண்டார். இது புதுசாகப் பழக வந்த ஆள் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன மாதிரிப் படம் பிடிப்பதற்கு என்று கேட்டார்.

"குளம், மலை, மரம். மனுசரை இல்லை."

"மனுசரப் புடிக்கிறதே இல்லையா?"

"இல்லை நாநா."

அப்படியானால் சின்னதே நல்லம் என்றார் மக்கீன். பையில் போட்டுக்கொண்டு ஹந்தானை மலைக்கு ஏறலாம், கையில் இருப்பதே தெரியாது. சுவக்கினுக்கும் அதில்தான் ஆசை. மாசக் கடைசியில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி மதலேனா தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் இறக்கினாள். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. "உங்களால முடியுமாங்க?" என்று மட்டும் கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று இருவருக்கும் தெரியும்.

1921இல் சுவக்கின் மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சராக இருந்தார். முப்பது வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து கண்ணாடித் தகட்டில் படம் விழும் ஒரு பழைய கமரா வாங்கியிருந்தார். வாரம் முழுக்கக் காய்ச்சலுக்குக் கொயினாவும் பேதி மருந்தும் கொடுத்த கைக்கு ஞாயிற்றுக்கிழமை அதுதான் ஆறுதல். மருந்தறைக் கதவை அடைத்துவிட்டுத் தகடு கழுவுவார். கண்ணாடியில் ஒரு முகம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வருவதைப் பார்க்கும்போது அவருக்கு ஜெபம் செய்கிற மாதிரி இருக்கும்.

அப்படிப் பிடித்ததில் ஒன்று, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் சின்னாண்டியும் அவன் பெண்சாதி இரத்தினம்மாவும் தங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்ற படம். அதுவரை அவர் பிடித்ததில் அதுதான் சிறந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிச் சுவரில், தன் மேசைக்கு மேலே, அதைக் குத்தி வைத்தார். அவர்களுக்கும் ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தார். படக் கடதாசி தீர்ந்து போயிருந்ததால் அது தள்ளிப் போனது.

மாசி மாதத்தில் சின்னாண்டியும் இரத்தினம்மாவும் தோட்டத்தைவிட்டு ஓடினார்கள். கங்காணியின் தம்பி இரத்தினம்மாவைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தான். முறைப்பாடு சொல்லிப் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. அவள் அப்போது மூன்று மாதம். அந்த நாள் சட்டப்படி ஒப்பந்தத்தை முறித்து ஓடுகிறவனுக்குச் சிறை. மறுநாள் தோட்டத்துத் துரை ஒரு பொலிஸ்காரனோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆளின் அடையாளம் என்ன என்று பொலிஸ்காரன் கேட்டுக்கொண்டிருந்தபோது துரையின் கண் சுவருக்குப் போயிற்று. படத்தைக் கேட்டார். அதட்டக்கூட இல்லை. சுவக்கின் கதிரையைவிட்டு எழுந்து, தானே ஆணியைக் கழற்றி, படத்தைத் துரை கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மாத்தளை ரயில் நிலையத்தில் இருவரையும் பிடித்தார்கள். சின்னாண்டி சிறைக்குப் போனான். இரத்தினம்மாவைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் வாரம், சிறையில் வயிற்றோட்டம் வந்து சின்னாண்டி செத்துப்போன சேதி வந்தது. அன்றைக்கு மத்தியானம் சுவக்கின் அந்தக் கண்ணாடித் தகட்டை எடுத்துப்போய், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த பாறையில் அடித்து உடைத்தார். அந்த மாதமே கமராவை விற்றார், வேலையையும் விட்டார். பொலிஸுக்குப் போன படம் திரும்பி வரவில்லை. அடுத்த ஓரிரு வருஷத்தில் அந்தச் சட்டமே இல்லாமல் போயிற்று.

அதனால்தான் மனுசரைப் பிடிப்பதில்லை என்று சொன்னார். குளத்தையும் மரத்தையும் யாரும் தேடிப் பிடிக்க மாட்டார்கள்.

மாசக் கடைசி வருவதற்குள், ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்துக்கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் துணி மூட்டை. நாற்பதுக்குள்தான் இருக்கும், ஆனால் முன்தலை நரைத்திருந்தது. உள்ளே வராமல் படியிலேயே நின்று அவரைப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன்பே சுவக்கினுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கையிலிருந்த போத்தலை மேசையில் வைத்தார்.

மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க வந்ததாக இரத்தினம்மா சொன்னாள். பழைய டிஸ்பென்சர் ஐயா இந்தக் கடையில் இருப்பதாகத் தோட்டத்தில் யாரோ சொன்னார்களாம். அவர் உட்கார மர வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டார். அவள் ஓரமாக உட்கார்ந்தாள். மகள் பெயர் பவளம். தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை. பங்குனியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அத்தோடு தோட்டத்தை விட்டு இந்தியாவில் துறையூர்ப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விடுகிறார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அந்தப் படம் ஐயாகிட்ட இன்னொண்ணு இருக்கும்ல? நான் ஒரே ஒரு தடவதான் பாத்தேன், ஆஸ்பத்திரிச் சுவத்துல. பவளத்துக்கிட்ட ஒருக்காக் காட்டி அனுப்பலாம்னு."

படத்தைத் துரையிடம் கொடுத்ததற்காக இவள் என்றாவது வந்து கேட்பாள், திட்டுவாள் என்று பதினேழு வருஷமாகச் சுவக்கின் எதிர்பார்த்திருந்தார். இதை எதிர்பார்க்கவில்லை.

"படம் போடுற தகட்டை உடைச்சிட்டேன் இரத்தினம்மா."

"யாரு ஒடச்சா?"

"நான்தான். அவர் போன சேதி வந்த அன்னிக்கு. மனசு தாங்கல."

அவள் தெருப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஒரு ரிக்‌ஷா போனது. மருந்து வாங்க வந்த ஒருவர் இவர்கள் இருந்த நிலையைப் பார்த்து, பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்.

"நீங்க குடுக்காட்டியும் தொர எடுத்திருப்பாரு. அத நான் அப்பவே நெனச்சுக்கிட்டேன்," என்றாள். "ஆனா ஒடைக்கிறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சுவக்கின் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கென்று கேட்பது? கொடுத்ததற்கா, உடைத்ததற்கா?

இரத்தினம்மா எழுந்து மூட்டையைத் தோளில் போட்டாள். படியிறங்கியவள் திரும்பி, ஐயா இப்போதும் படம் பிடிக்கிறாரா என்று கேட்டாள். பவளம் போனால் இனி வரமாட்டாள், அவள் முகத்தையாவது தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். பிடித்துத் தருவதாகச் சுவக்கின் சொன்னார். யோசிக்காமலே சொல்லிவிட்டார். அடுத்த மாத முதல் ஞாயிறு, வத்தேகம சந்தையில் என்று பேசிக்கொண்டார்கள். துரையின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் அவர் போக முடியாது, அனுமதி வாங்கவும் அவருக்கு மனமில்லை.

அன்று மாலையே மக்கீனின் கடைக்குப் போனார். சின்னதை எடுத்து வைத்த மக்கீனிடம் அது வேண்டாம், ஒரு முகம் தெளிவாக விழ வேண்டும், எது நல்லது என்று கேட்டார்.

"மனுசரப் புடிக்கிறதில்லண்டு சென்னீங்க?"

"ஒரு பிள்ளையை மட்டும்."

மறுபடியும் மூன்றையும் வைத்துக்கொண்டு இருவரும் பேசினார்கள். மடிப்புக் கமரா முகத்துக்கு நல்லது, ஆனால் நாற்பது ரூபாய்க்கு வழியில்லை. அந்த ஓட்டையையும் நம்ப முடியாது. சின்னதில் பிடித்தால் பெருப்பிக்க ஸ்டூடியோவுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் முகம் இன்னொருவர் கைக்குப் போவதையோ, யாருடைய கண்ணாடிப் பெட்டியிலோ தொங்குவதையோ சுவக்கின் விரும்பவில்லை. பெட்டிக் கமரா என்றால் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம். படத்தையும் ஃபிலிமையும் சேர்த்து அவர்களிடமே கொடுத்துவிடலாம். தன்னிடம் எதுவும் மிஞ்சாது. ஆனால் பெட்டியில் கிட்ட இருக்கும் முகம் கலங்குமே என்றார்.

மக்கீன் மேசை லாச்சியைத் துழாவி ஒரு சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்தார். பெட்டியின் கண்ணுக்கு மேல் அதை மாட்டினால் மூன்றரை அடித் தூரத்தில் இருக்கும் முகம் தெளிவாக விழும். மூன்றரை என்றால் மூன்றரைதான், அரை அடி கூடினாலும் குறைந்தாலும் பழுது. அந்தக் கண்ணாடிக்கு அவர் காசு வாங்கவில்லை. சுவக்கின் ஒன்பது ரூபாயைக் கொடுத்து, பெட்டியைப் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மதலேனா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு லேசாக இருக்கிறதே என்றாள். பிறகு அவர் நூலில் மூன்றரை அடி அளந்து ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு, மறு நுனியைக் கமராவில் கட்டுவதற்கு உதவினாள். முடிச்சை எதிரே இருப்பவரின் வாய்க்குக் கீழே நாடியில் பிடித்து, நூல் விறைப்பாக நின்றால் தூரம் சரி.

ஞாயிறன்று முதல் பூசை கண்டுவிட்டு வத்தேகமவுக்குப் பஸ் ஏறினார். சந்தை நிறைந்திருந்தது. கருவாட்டுக் கடைகளைத் தாண்டி, வெள்ளையடித்த ஒரு சுவர் ஓரத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது. இரத்தினம்மாவும் மகளும் அங்கே நின்றார்கள். தோட்டத்திலிருந்து விடியவே புறப்பட்டு நடந்து வந்திருக்கிறார்கள். பவளத்துக்குப் பதினாறு முடிந்திருந்தது. தலையில் பூ, புதுச் சட்டை. சுவக்கின் அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிட்டார். புருவமும் அந்த நெற்றியும் அப்படியே சின்னாண்டி.

அவர் கமராவை ஒரு சாக்கு மூட்டைமேல் வைத்து, கண்ணாடியை மாட்டி, நூலை நீட்டினார். முடிச்சை நாடிக்கிட்டே கொஞ்சம் பிடித்துக்கொள்ளம்மா என்றார். பவளம் ஒரு அடி பின்னால் போனாள். தாய் அவள் தோளைத் தொட்டாள். அவள் மறுபடியும் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இவருக்கு முன்னால நிக்க மாட்டேன்."

"பவளம்."

"அப்பாவப் புடிச்சுக் குடுத்தவருதானே இவரு. என்னையும் எதுக்குப் புடிக்கணும்?"

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் வெற்றிலை விற்ற கிழவர்கூடத் திரும்பவில்லை. இரத்தினம்மா ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தாள். இவர் நல்ல மனுசர், அன்றைக்கு நடந்தது வேறு என்றாள். பவளம் தலையைக் குனிந்தபடி அசையாமல் நின்றாள். வற்புறுத்த வேண்டாம் என்றார் சுவக்கின். நூலைச் சுருட்டத் தொடங்கினார். அவசரத்தில் நூல் சிக்கிக்கொண்டது.

இரத்தினம்மா வந்து அவர் கையிலிருந்து நூலை வாங்கினாள். சிக்கை எடுத்து, முடிச்சைத் தன் நாடியில் பிடித்துக்கொண்டு, மகள் நிற்க வேண்டிய இடத்தில் தான் நின்றாள்.

"என்னப் புடிங்க ஐயா. அவ கொண்டு போகட்டும்."

மூன்று படம் பிடித்தார். பவளம் தூரத்தில் போய் நின்று, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, குசினி ஜன்னலைக் கம்பளியால் மறைத்துவிட்டு ஃபிலிமைக் கழுவினார். ஒன்றில் இரத்தினம்மா கண்ணை மூடியிருந்தாள். ஒன்று மூட்டை அசைந்து பழுதாகியிருந்தது. மூன்றாவது நன்றாக வந்திருந்தது. நரைத்த முன்தலையும் கழுத்து நரம்பும் காதிலிருந்த சின்னத் தோடும் எல்லாம் தெரிந்தன. அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதலேனா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாவம் என்றாள்.

பங்குனிக் கடைசியில், கல்யாணமான ஒன்பதாம் நாள், பவளம் புறப்பட்டாள். வத்தேகமவிலிருந்து வரும் ரயிலில் கண்டிக்கு வந்து, இங்கே வண்டி மாறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறுகிறார்கள் என்று இரத்தினம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். சுவக்கின் படத்தையும் ஃபிலிமையும் ஒரு கடித உறைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்டேசனுக்குப் போனார். கமராவை எடுக்கவில்லை. மேசைமேல்தான் இருந்தது. அதைக் கண்டால் பிள்ளை மறுபடியும் ஒதுங்கிப் போவாள் என்று நினைத்து, வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் தகரப் பெட்டிகளையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பவளம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிக் கதவருகே நின்றாள். சுவக்கின் உறையை இரத்தினம்மாவிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். இரத்தினம்மா அதை மகளிடம் கொடுத்தாள். பவளம் பிரித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவரிடம் வந்தாள்.

"அப்பா இருந்த படத்துல அம்மாவும் இருந்தாங்களா?"

"இருந்தாங்கம்மா."

"எப்படி நின்னாங்க?"

சுவக்கின் சொன்னார். சொல்லத் தொடங்கியதும் எல்லாம் வந்தது. சின்னாண்டி இடது பக்கம் நின்றான். வெள்ளை முண்டாசு, அன்றைக்குத்தான் துவைத்தது, ஓரத்தில் ஈரம் காயவில்லை. கையில் கவ்வாத்துக் கத்தி. அதைக் கீழே வை என்று சொன்னால் கேட்கவில்லை, அது இருந்தால்தான் தான் யாரென்று தெரியும் என்றான். அசைந்தால் படம் பழுதாகும், சிரிக்காதே என்று சொல்லியிருந்தார். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது வாயோரத்தில் தெரியும். இடப் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. இரத்தினம்மா அவன் தோளளவு, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமராவைப் பார்க்கச் சொன்னால் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவளம் கேட்டுக்கொண்டே தன் புருவத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"கமரா கொண்டாந்திருக்கீங்களா?" என்றாள். "அம்மாவுக்கு ஒண்ணு வேணும்ல. எடுங்க, நிக்கிறேன்."

சுவக்கின் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். வீடு கட்டுகலைப் பகுதியில். ஓடினால் போகவர இருபது நிமிஷம். வண்டி எப்போது எடுப்பான் என்று பக்கத்தில் நின்ற போர்ட்டரைக் கேட்டார். ஐந்து நிமிஷம் என்றான் அவன். இருந்தும் சுவக்கின் ஓடினார். வாசல் கேற்றைத் தாண்டி, றோட்டில் இறங்கி, மாட்டு வண்டி ஒன்றைச் சுற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போனார். பின்னால் மணி அடித்தது. நின்றார். திரும்பி ஓடி வந்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் பவளத்தின் முகம் தெரிந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்துக்கொண்டு போனாள். வளைவில் வண்டி மறைந்தது.

இரத்தினம்மா அழவில்லை. வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் கமராவைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் சுவக்கின். இரண்டு தடவை சொன்னார். அவள் மடுல்கெல்லை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். காட்டுவதாகச் சொல்லி அவளோடு நடந்தார். வெயில் ஏறியிருந்தது. சந்தைப் பக்கம் வந்ததும் அவள் நடையைக் குறைத்தாள்.

"அவரு நின்னத பவளத்துக்குச் சொன்னீங்களே. ரயில் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொருக்காச் சொல்லுங்கய்யா."

அவர் முதலிலிருந்து சொன்னார். அவள் குறுக்கே பேசாமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தாள். கத்தி விஷயம் வந்தபோது, ஆமா, எதுக்கும் கேக்க மாட்டாரு என்றாள். பஸ் வந்து நின்றபோது அவர் இன்னும் சொல்லி முடித்திருக்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டான். இரத்தினம்மா அவனைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கடைத் தாழ்வாரத்தில் மூட்டையை இறக்கி வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.